கூரையை அளக்கும் கைப்பேசி: கால்கரியில் ஒரு சோதனை

ஆலங்கட்டி மழை ஓய்ந்த மறுநாளே கனடாவிலுள்ள கால்கரியின் வடகிழக்குப் பகுதியில் ரூஃபிங் ஆட்கள் வீடு வீடாகக் கதவைத் தட்டத் தொடங்கிவிடுவார்கள். 2020 ஜூன் 13 அன்று சாடில் ரிட்ஜ், டாராடேல் பக்கம் விழுந்த கட்டிகளால் ஏற்பட்ட காப்பீட்டு இழப்பு முதல் மதிப்பீட்டிலேயே 120 கோடி டாலர். 2024 ஆகஸ்ட் 5 அன்று அடித்தது அதைவிட மோசம், முதல் மதிப்பீட்டில் 280 கோடி. வாசலில் நிற்பவர் நீட்டும் கோட்டேஷன் நியாயமானதா என்று தெரிய வேண்டுமானால், முதலில் கூரையின் பரப்பு நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஏணி போடாமல், கைப்பேசியில் உள்ள இலவச வசதிகளை மட்டும் வைத்து அதைக் கண்டுபிடிக்க முடியுமா என்று எங்கள் வீட்டுக் கூரையில் சோதித்துப் பார்த்தேன். பரப்புக்கு அது தாராளமாகப் போதும். ஆனால் செலவை ஏற்றி இறக்கும் பல விஷயங்கள் அதன் கண்ணில் படுவதே இல்லை.

தேவைப்படுவது இரண்டே இரண்டு. ஒன்று, கூகுள் எர்த்தில் இருக்கும் பரப்பளவுக் கருவி. இன்னொன்று, ஐஃபோனின் மெஷர் செயலிக்குள் இருக்கும் மட்டம் பார்க்கும் பகுதி. ஆண்ட்ராய்டிலும் இதே வேலையைச் செய்யும் இலவசச் செயலிகள் கிடைக்கின்றன. வரைபடத்தில் வீட்டைப் பெரிதாக்கி, இறவாணத்தின் ஓரமாகவே புள்ளி வைத்துக்கொண்டு சுற்றி வந்தால் தரைப்பரப்பு வந்துவிடும். வான்படம் எப்போதும் நேர் மேலிருந்து எடுத்ததாக இருக்காது. அதனால் கூரை சற்றுச் சாய்ந்து தெரியும். ஒரு பக்கம் கூரை விளிம்பிலும் மறுபக்கம் சுவரடியிலும் புள்ளி வைத்தால் கணக்கு கெட்டுவிடும். மரம் மறைக்கும் மூலைகளை ஊகித்துத்தான் குறிக்க வேண்டும். பின்சந்துப் பக்கம் தனியாக நிற்கும் கராஜையும் மறக்காமல் தனியே அளந்துகொள்ளுங்கள்.

அடுத்தது சரிவு. இதற்குக் கூரைக்கு அடியிலுள்ள அட்டிக்குக்குள் தலையை நுழைத்து, கூரையைத் தாங்கும் சாய்வுச் சட்டத்தின் அடிப்பக்கத்தில் கைப்பேசியின் நீள விளிம்பை அழுத்திப் பிடித்தேன். 26, 27 டிகிரி என்று மாறி மாறிக் காட்டியது. அதாவது 6/12 சரிவு: கிடையாக 12 அங்குலம் போனால் 6 அங்குலம் ஏறும் கூரை. இதற்குப் பெருக்கெண் 1.118. தரைப்பரப்பு 1,400 சதுர அடியென்றால் உண்மையான கூரை 1,565. எல்லாப் பக்கமும் ஒரே சரிவாக இருந்தால், கூரை எத்தனை மடிப்பாக இருந்தாலும் இந்த ஒரு பெருக்கலே போதும். சரிவை ஒரு டிகிரி தவறாகப் படித்தாலும் இந்த அளவுச் சரிவில் பிழை ஒரு சதவீதத்தைத் தாண்டாது. இந்தச் சோதனையில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்: கருவி சாதாரணமானது, ஆனால் கணக்கு அதன் குறையை மன்னித்துவிடுகிறது.

ரூஃபர்கள் பேசுவது ஸ்கொயர் கணக்கில். 100 சதுர அடி ஒரு ஸ்கொயர். மடிப்புகள் உள்ள கூரைக்கு வெட்டுச் சேதாரம் 15 சதவீதம் சேர்த்தால் நமக்கு 18 ஸ்கொயர். ஸ்கொயருக்கு மூன்று கட்டு வீதம் 54 கட்டு ஷிங்கிள் (கூரையில் வேயும் ஆஸ்ஃபால்ட் தகடு). எனக்கு வந்த கோட்டேஷன்களில் ஒன்று 20 ஸ்கொயர் என்றது. கேட்டபோது, சரிவை 8/12 என்று வைத்துப் போட்டிருப்பது தெரிந்தது. அட்டிக்கில் எடுத்த படத்தை அனுப்பியதும் திருத்தித் தந்தார்கள். ஸ்கொயருக்கு 600 டாலர் என்று வைத்தால் இரண்டு ஸ்கொயர் 1,200 டாலர்.

அட்டிக்கில் இன்னொன்றையும் பார்த்தேன். ஜனவரிக் குளிரில் கூரைப்பலகையைத் துளைத்துக் கீழே நீட்டிக்கொண்டிருக்கும் ஆணி முனைகள் எல்லாவற்றிலும் வெள்ளையாக உறைபனி. குளியலறை, சமையலறை ஈரக்காற்று மேலே கசிகிறது, வெளியேற வழி போதவில்லை என்று அர்த்தம். சினூக் காற்று வந்து குளிர் திடீரென்று குறையும்போது அது உருகிச் சொட்டும், பலகை உளுத்துப்போகும். இங்குள்ள கட்டட விதி, காப்பிட்ட உட்கூரைப் பரப்பில் 300-ல் ஒரு பங்காவது காற்றோட்டத் திறப்பு கேட்கிறது. பனிக்கட்டி அணைகட்டி நீர் உள்ளே புகாமலிருக்க, விளிம்பிலிருந்து குறைந்தது 900 மில்லிமீட்டருக்கு அடிப்பாதுகாப்பும் வேண்டும். இவை கோட்டேஷனில் தனி வரியாக இருக்கின்றனவா என்று பாருங்கள். உளுத்த பலகையை மாற்ற ஒரு ஷீட்டுக்கு என்ன விலை என்பதையும் முன்கூட்டியே எழுதி வாங்குங்கள். பழைய ஷிங்கிளைப் பிரிக்கும்வரை எத்தனை ஷீட் என்பது யாருக்கும் தெரியாது.

ஆலங்கட்டிச் சேதத்தைக் கைப்பேசிப் படத்தை மட்டும் வைத்து முடிவு செய்வதை நான் ஏற்கமாட்டேன். அடிபட்ட இடத்தில் மேல்மணல் உதிர்ந்திருப்பது படத்தில் தெரியும். உள்ளே கண்ணாடியிழைப் பாய் விரிசல் விட்டிருப்பது கட்டைவிரலால் அழுத்தினால்தான் தெரியும். அந்த இடம் மெத்தென்று அமுங்கும். தகரக் காற்றுக்குழாயின் மேல் சாக்பீஸைப் படுக்கவைத்துத் தேய்த்தால் கண்ணுக்குத் தெரியாத பள்ளங்களும் வட்டம் வட்டமாக எழுந்து நிற்கும். இதற்கு மேலே ஏறத் தெரிந்த ஆள் வேண்டும். அவர் ஆல்பர்ட்டா அரசின் முன்பண ஒப்பந்தக்காரர் உரிமம் வைத்திருக்கிறாரா என்று பார்க்காமல் ஒரு டாலர்கூட முன்பணம் தராதீர்கள்.

எந்த ஷிங்கிள் என்பதில் எனக்குத் தயக்கமே இல்லை. யுஎல் 2218 சோதனையில் நான்காம் வகுப்பு பெற்றதைப் போடுங்கள். இரண்டு அங்குல எஃகுக் குண்டை 20 அடி உயரத்திலிருந்து ஒரே இடத்தில் இருமுறை போட்டும் பின்பக்கம் விரிசல் விடாதவைக்கே அந்தத் தகுதி. பலவற்றில் ஆஸ்ஃபால்ட்டோடு ரப்பர் போன்ற பாலிமர் கலந்திருப்பதால் குளிரிலும் வளைந்து கொடுக்கும். எஃகு வேறு, ஐஸ் வேறு என்பதால் எல்லா நான்காம் வகுப்பும் ஒன்றல்ல. ஆய்வகத்தில் செய்த ஐஸ் உருண்டைகளால் அடித்து ஐபிஹெச்எஸ் என்ற அமெரிக்க நிறுவனம் வெளியிடும் தரவரிசையையும் பாருங்கள். 2020-க்குப் பிறகு கால்கரி மாநகராட்சியே இவ்வகைக் கூரைக்கு 3,000 டாலர் மானியம் தந்தது. உங்கள் பாலிசி கூரைக்குத் தேய்மானம் கழிக்கும் வகையா என்றும் படித்துவிடுங்கள். அப்படியானால் பாதி ஆயுள் முடிந்த கூரைக்கு ஏறத்தாழப் பாதித் தொகைதான் வரும், அதிலும் நாமே ஏற்க வேண்டிய டிடக்டிபிள் போகும்.

ஷிங்கிளின் ஒட்டுப்பட்டை வெயிலில் இளகித்தான் பிடிக்கும். ஐந்து டிகிரிக்குக் கீழே போட்டால் ஒவ்வொன்றையும் கையால் பசை வைத்து ஒட்ட வேண்டும், கூலி ஏறும். ஆகவே அளவெடுப்பதைக் குளிர்காலத்திலேயே முடித்து, மூன்று பேரிடம் ஒரே ஸ்கொயர் எண்ணிக்கைக்கு, சாதாரண ஷிங்கிள் ஒரு விலை, நான்காம் வகுப்பு ஒரு விலை என்று எழுத்தில் கேட்டு வாங்கி, மே மாதத்துக்கு நாள் குறித்துவிடுங்கள்.