மொய்த்தலும் கூடுதலும்

ஒரு பொருள் குறித்த பல சொற்கள் தமிழில் உள. அவற்றுள் எதனையும் எவ்விடத்தும் மாற்றி வழங்கினால் இழுக்கில்லை என்னும் எண்ணம் இன்று பரவி வருகிறது. அதனால் தன் நிறம் இழந்து வரும் சொற்களுள் 'மொய்' என்பதும் ஒன்று. வகுப்பறையில் இதற்குக் 'கூட்டம்' என்று ஒரே சொல்லில் பொருள் எழுதி முடித்துவிடுகின்றனர். செய்தி எழுதுவோரும் 'மண்டபத்தில் மக்கள் மொய்த்தனர்' என்று எழுதுகின்றனர். இவ்விரண்டும் ஆராயத்தக்கன.

சென்னைப் பல்கலைக்கழகத்தார் 1924 முதல் 1936 வரை பகுதி பகுதியாக வெளியிட்ட தமிழ்ப் பேரகராதி, இச்சொல்லுக்கு நெருங்குதல், கூட்டம், வலிமை, போர் முதலான பொருள்களைத் தருகிறது. மேலோடு நோக்குவார்க்கு இவை தம்முள் தொடர்பற்றன போலத் தோன்றும். ஆனால் நெருக்கம் என்னும் கருத்தை அடியாகக் கொண்டால் யாவும் ஒரு கொடியில் பூத்த மலர்களாகும். பல நெருங்கி நிற்பின் அது கூட்டம். நெருங்கியவற்றைப் பிரித்தல் அரிதாதலின் அது வலிமை. இரு படை நெருங்கின் அது போர். வலிமையையும் தோளையும் குறிக்கும் 'மொய்ம்பு' என்னும் சொல்லையும் இவற்றோடு வைத்து எண்ணலாம்.

இனி, இற்றை வழக்கை நோக்குக. ஈ பலாச்சுளையை மொய்க்கிறது. எறும்பு சர்க்கரையை மொய்க்கிறது. வண்டு மலரை மொய்க்கிறது. மூன்றிலும் இரண்டாம் வேற்றுமை நிற்கிறது. நடுவே ஒரு பொருள் இருக்க, அதன் ஈர்ப்பினால் பல வந்து சூழ்ந்து நெருங்குவதே மொய்த்தல். கூடுதலுக்கு இந்த நடுப்பொருள் வேண்டுவதில்லை. 'மக்கள் மண்டபத்தில் கூடினர்' என்றால் தொடர் முடிந்தது. 'மண்டபத்தில் மொய்த்தனர்' என்றாலோ, 'எதை மொய்த்தனர்?' என்னும் வினா எஞ்சி நிற்கிறது.

'மொய்குழல் என்னும் பழந்தொடரில் நடுப்பொருள் யாது?' எனச் சிலர் வினவலாம். அங்குக் கூந்தல் தன்னுள் தானே செறிந்திருத்தலைச் சொல் குறித்தது. மார்கழியில் கோயில்தோறும் ஓதப்பெறும் திருவெம்பாவையிலும் பொய்கைக்கு அடையாக இச்சொல் வருகிறது. செயப்படுபொருள் குன்றிய ஆட்சி பண்டு உண்டு என்பதில் ஐயமில்லை. அது செய்யுள் வழக்கு. இற்றைச் செய்தி உரைநடைக்கு அதனைச் சான்றாகக் காட்டுதல் பொருந்தாது.

மலாக்கா மாநிலத் தோட்டப்புற வாழ்வு இவ்வேறுபாட்டை விளக்க நல்ல சான்று தருகிறது. 1896-இல் புக்கிட் லிந்தாங்கில் டான் சாய் யான் ரப்பர் பயிரிட்டது முதல் மலாயாவில் வணிகமுறை ரப்பர்த் தோட்டங்கள் பெருகின. தோட்டங்களில் விடியுமுன் தொழிலாளர் 'பெரட்டு'க்கு நின்றனர். ஆங்கிலத்திலிருந்து வந்த இச்சொல், வரிசையில் நின்று பெயர்கொடுக்கும் கூட்டத்தைக் குறித்தது. அவ்வாறு நின்றோர் கூடினர், மொய்த்தாரல்லர். சம்பள நாளில் மிட்டாய்க்காரரைச் சிறுவர் சூழ்ந்துகொண்டால், அது மொய்த்தல். முன்னதில் கட்டளை கூட்டியது. பின்னதில் ஆசை இழுத்தது.

மாசிமகத்தன்று செங் சன்னாசிமலை ஆண்டவர் கோயிலில் பக்தர் திரள்கின்றனர். 'கோயிலில் மொய்த்தனர்' என்பதினும் 'திரண்டனர்' என்பதே செவ்விது. 'தேரை மொய்த்தனர்' எனில் இலக்கணம் வழுவாது. ஆயினும் ஈயின் நினைவு இச்சொல்லோடு ஒட்டிக்கொண்டமையால், மாந்தர்மேல் ஏற்றும்போது சிறிது இளிவரல் தோன்றக்கூடும். எழுதுவோர் அதனை அறிந்தே எழுதுதல் வேண்டும்.

அவ்விளிவரல் சிறிதும் இன்றி இச்சொல் வாழும் இடம் ஒன்றுண்டு. அதுவே திருமண மொய். புதுக்கோட்டை, தஞ்சைப் பகுதிகளில் மொய் விருந்து என்றே தனி விருந்து நடத்துவர். அங்கு நடுவில் நிற்பது செலவுச் சுமை தாங்கும் ஒரு குடும்பம். சுற்றமும் நட்பும் அதனைச் சூழ்ந்து ஆளுக்குச் சிறிது தருகின்றனர். நோட்டில் பெயரும் தொகையும் எழுதுவது, நாளை அவர் வீட்டில் திருப்பிச் செய்தற்பொருட்டு. எனவே அது முற்றும் கொடையும் அன்று; வட்டிக் கடனும் அன்று. பலர் நெருங்கி நிற்பதால் ஒருவர்க்கு வலிமை பிறக்கிறது. அகராதி கூறும் நெருக்கம், கூட்டம், வலிமை ஆகிய மூன்று பொருளும் ஈண்டு ஒருங்கே நிற்றல் காண்க.

தோட்டங்கள் பல துண்டாடப்பட்டுக் குடும்பங்கள் ஊர்ப்புறக் குடியிருப்புகளுக்குச் சிதறிவிட்ட இந்நாளில், மாணவர் ஈ மொய்த்தலை ஒரு சொல்லாகவும் திருமண மொய்யை வேறொரு சொல்லாகவும் எண்ணுகின்றனர். 'மொய் - கூட்டம்' என்று கரும்பலகையில் எழுதுவதால் இவ்விரிசல் மூடாது. ஆசிரியர் 'ஈ எதை மொய்க்கிறது? உறவினர் யாரைச் சூழ்ந்து மொய் எழுதுகின்றனர்?' என இரு வினாக்களை அடுத்தடுத்துக் கேட்பாராயின், விடை கூறும்போதே மாணவர் சொல்லின் அடிப்பொருளைத் தாமே கண்டுகொள்வர். கூட்டம், குழு, திரள், நெரிசல் என்பவற்றையும் இம்முறையில் வேறுபடுத்திக் காட்டுதல் எளிதாகும்.