வகுப்பறை நடிப்பில் பாளையக்காரர் போர்: கட்டபொம்மனும் ஊமைத்துரையும்

தமிழகப் பள்ளிகளில் ஒரு போரை நடித்துக் காட்டுமாறு மாணவரிடம் கூறினால், பெரும்பாலும் மேடையேறுவது கட்டபொம்மன், ஜாக்ஸன் உரையாடலே. மேடை நாடகமாகத் தொடங்கி, 1959இல் பி. ஆர். பந்துலுவின் இயக்கத்தில் திரைப்படமான ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’, சக்தி டி. கே. கிருஷ்ணசாமியின் வசனத்தாலும் சிவாஜி கணேசனின் குரலாலும் மாறுவேடப் போட்டிக்கும் ஆண்டு விழாவுக்கும் நிலையான பனுவலொன்றைத் தந்தது. வரலாற்றுப் பாடத்தை நடித்துக் கற்கும் வகுப்பறைக்குள்ளும் அதே பனுவல் நுழைந்துவிட்டது. அந்நடிப்பின்வழி மாணவர் கற்பது போரைத்தானா என்பது வினாவுக்குரியது.

ஜாக்ஸனைக் கட்டபொம்மன் இராமநாதபுரத்தில் சந்தித்தது 1798 செப்டம்பரில். கலெக்டரின் முகாம்களைப் பின்தொடர்ந்து ஊர் ஊராக அலைக்கழிக்கப்பட்ட பின்னரே அச்சந்திப்பு வாய்த்தது. அதன் முடிவில் எழுந்த கைகலப்பில் லெப்டினன்ட் கிளார்க் கொல்லப்பட்டார். தானாபதி சிவசுப்பிரமணிய பிள்ளை பிடிபட்டார். பின்னர் விசாரணை நடைபெற்றது. ஜாக்ஸன் பதவி இழந்தார். லூஷிங்டன் அவரிடத்திற்கு வந்தார். பானர்மன் தலைமையில் பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை தாக்கப்பட்டது 1799 செப்டம்பரில்தான். ஆகவே, மாணவர் நடிப்பது போருக்கு ஓராண்டு முந்தைய ஒரு நிருவாகப் பூசலை. வரி, அவமதிப்பு, அதிகார எல்லை ஆகியவை பற்றிய அப்பூசல் மேடையில் சொற்போராகி, சொற்போரே போராகிவிடுகிறது. வெள்ளையரை வாயால் வென்ற மாணவனுக்குக் கோட்டை ஏன் வீழ்ந்தது என்று கேட்கும் தேவை எழுவதில்லை.

ஆசிரியர்கள் இக்காட்சியைத் தேர்வதற்குத் தக்க காரணங்கள் உள்ளன. இருவர் போதும்; சில நிமிடங்கள் போதும்; வசனம் ஆயத்தமாக இருக்கிறது. உச்சரிப்புப் பயிற்சிக்கு இதனினும் ஏற்ற பகுதி அரிது. தமிழாசிரியரின் நோக்கில் அது முழு வெற்றியே. வரலாற்றாசிரியரின் நோக்கிலேயே சிக்கல் தொடங்குகிறது.

திரைப்படம் கயத்தாற்றில் முடிகிறது. வகுப்பறை நடிப்பும் அங்கேயே நின்றுவிடுகிறது. ஆனால் இரண்டாவதும் பெரியதுமான போர் 1801இல் நிகழ்ந்தது. கட்டபொம்மனின் தம்பி ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து பிப்ரவரியில் தப்பினார்; இடிக்கப்பட்ட கோட்டையை அவரும் அவருடைய மக்களும் சில நாள்களில் மீண்டும் எழுப்பினர். மார்ச் இறுதியில் அதன்மீது தொடுக்கப்பட்ட தாக்குதல் முறியடிக்கப்பட்டது. மே மாதத்தில் அக்னியூவின் தலைமையில் பெரும்படை வந்த பின்னரே கோட்டை விழுந்தது. பத்தாம் வகுப்புச் சமூக அறிவியல் பாடநூல், மருது சகோதரர்களின் திருச்சிராப்பள்ளி அறிக்கை உட்பட, இப்பகுதியை விரித்துரைக்கிறது. எனினும், நடிப்பை வடிவமைப்பது பாடநூலன்று, திரைப்படமே. வசனத்தையே அளவுகோலாகக் கொண்ட மேடையில் பேச இயலாத ஒரு படைத்தலைவருக்கு இடம் இல்லாமற் போவது இயல்பே.

இதில் ஒரு முரண் உள்ளது. நடித்துக் காட்டுவதற்கு மிகவும் ஏற்ற சான்று ஊமைத்துரையைப் பற்றியே கிடைக்கிறது. கம்பெனிப் படையில் பணியாற்றி அவரை எதிர்த்துக் களம் கண்ட ஜேம்ஸ் வெல்ஷ், 1830இல் வெளியான தம் படைத்துறை நினைவுக் குறிப்புகளில், அவர் ஆணையிடும் முறையை விவரிக்கிறார். ஊமைத்துரை சிறு துரும்புகளைத் திரட்டி இடக்கையில் ஆங்கிலப் படையாக வைப்பார். நேரம் முதலியவற்றைச் சைகையால் குறிப்பார். வாயால் ஓர் இரைச்சலை எழுப்பியபடி வலக்கையால் அவற்றைத் துடைத்தெறிவார். அதுவே தாக்குதலுக்கான கட்டளை. இதனை வகுப்பறையில் நிகழ்த்த ஒப்பனையும் வேண்டா, மனனமும் வேண்டா. ஆனால் பார்ப்பவர் சிந்திக்க வேண்டும்: எத்தனை துரும்புகள், எந்த நேரம், எவ்வழி? அதாவது, போரைப் பற்றிச் சிந்திக்க வேண்டும்.

எதிரணிப் பாத்திரங்களின் நிலை இன்னும் மோசமானது. எட்டயபுரம் கம்பெனியின் பக்கம் நின்றது உண்மை. ஆனால் கட்டபொம்மனைப் பிடித்து ஒப்படைத்தது புதுக்கோட்டைத் தொண்டைமானின் அரசு. மேடை இவ்விரண்டையும் ‘எட்டப்பன்’ என்ற ஒற்றைக் கோமாளிக்குள் அடக்கிவிடுகிறது. பாஞ்சாலங்குறிச்சிக்கும் எட்டயபுரத்துக்கும் இடையே முன்பே நிலவிய எல்லைத் தகராறு மறைந்து, இயல்பான கயமை ஒன்றே காரணமாக எஞ்சுகிறது. எட்டயபுரம் வட்டாரப் பள்ளியொன்றில் அவ்வேடத்தை எந்த மாணவனுக்கு அளிப்பது என்பது வெறும் நடிகர் தேர்வன்று.

வெல்ஷ் தரும் மற்றொரு காட்சியும் குறிப்பிடத்தக்கது. கோட்டை விழுந்தபின் காயமுற்றுப் பிணங்களிடையே கிடந்த ஊமைத்துரையை, தன் மகனைத் தேடிவந்த ஒரு தாய் காண்கிறாள். உயிர் பிரியும் நிலையிலிருந்த மகனின் வேண்டுகோளை ஏற்று, அவனை விடுத்துத் தலைவரைக் காக்கிறாள். எட்டயபுரத்து வீரர்கள் தேடி வந்தபோது, பெண்கள் அவர்மீது துணியைப் போர்த்தி, அம்மை கண்டு இறந்தவர் என்று அழுது அரற்ற, வந்தவர்கள் அஞ்சி ஓடுகிறார்கள். வெல்ஷ் எதிர்ப்படையைச் சேர்ந்தவர். இச்செய்தியையும் அவர் பிறர்வழிக் கேட்டே எழுதியிருக்க வேண்டும். அந்த ஐயத்தையும் மாணவரிடம் சொல்லியே இதனை நடிக்கக் கொடுக்கலாம். பெண்கள் நடத்தும் இக்காட்சியில், போருக்குள் நிகழும் நடிப்பே ஓர் உயிரைக் காக்கிறது. அந்தத் தாய்க்கு வெல்ஷ் பெயர் தரவில்லை. மேடையில் அவளை எப்பெயரால் அழைப்பது என்பதை மாணவரே முடிவு செய்ய வேண்டியிருக்கும்.