அலுவலக நகைச்சுவையில் எள்ளலும் மடனும்

நகைச்சுவை எழுதுவது எளிது என்று எண்ணுவோர் பலர். சமயத்தையும் அலுவலகத்தையும் ஒருங்கே மேடையேற்றிப் பார்த்தவர்க்கே அதன் அருமை விளங்கும். ஒருபுறம் விதி, மறுபுறம் நம்பிக்கை. இவை மோதுமிடத்தில் சிரிப்புத் தானே பிறக்கும். ஆயின், அச்சிரிப்பு யார்மேல் விழுகிறது என்பதே திறனாய்வாளன் கேட்க வேண்டிய வினா.

தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் நகை தோன்றும் நிலைக்களன்களை நான்காக வகுத்தார். அவற்றுள் இரண்டு ஈண்டு நமக்கு வேண்டும். ஒன்று எள்ளல், அஃதாவது, இகழ்ச்சி பற்றி எழும் சிரிப்பு. மற்றொன்று மடன். பிறர் சொல்லக் கொண்டதை ஆராயாது பற்றிக்கொண்டு விடாதிருத்தல் என இதற்கு உரையாசிரியர் பொருள் கூறுவர். மடன் என்பதைப் பெண்ணுக்குரிய குணமாக மட்டுமே வகுப்பறையில் சொல்லிப் பழகிவிட்டோம். கோப்பைக் கட்டிக்கொண்டு அமர்ந்திருக்கும் அதிகாரிக்கும் அச்சொல் நன்கு பொருந்தும்.

பி.பி.சி. தொலைக்காட்சியில் 1980 முதல் 1984 வரை வெளிவந்த ‘யெஸ் மினிஸ்டர்’ தொடரை எடுத்துக்கொள்வோம். ஆண்டனி ஜேயும் ஜோனதன் லின்னும் எழுதியது. அதில் 1982-இல் வந்த ‘தி மாரல் டைமன்ஷன்’ என்னும் பகுதி நம் பொருளுக்கு உரியது. அமைச்சர் ஹாக்கரும் செயலாளர் சர் ஹம்ஃப்ரியும் கும்ரான் என்னும் கற்பனை நாட்டுக்கு விருந்தினராகச் செல்கின்றனர். அங்கே இஸ்லாமிய நெறிப்படி மது விலக்கப்பட்டது. தூதுக்குழுவினர்க்கோ மதுவின்றி மாலைப்பொழுது கழியாது. என் செய்வர்? விருந்து மண்டபத்தின் அருகே ‘செய்தித் தொடர்பு அறை’ ஒன்றை நிறுவிப் புட்டிகளால் நிரப்புகின்றனர். அவசரச் செய்தி வந்திருப்பதாக அமைச்சரை அடிக்கடி அழைக்கின்றனர். செய்தி அனுப்பியோர் பெயரெல்லாம் மதுவகைகளின் பெயர். ‘டீச்சர்ஸ்’ என்னும் விஸ்கி, ஆசிரியர் தூதுக்குழுவாக உருமாறி வந்து நிற்கிறது. நம் தொழிலுக்கு இப்படியும் ஒரு பெருமை!

இக்காட்சியின் சிறப்பு யாது? விருந்தளித்தவரின் நெறியை ஆசிரியர்கள் எள்ளவில்லை. ஒரு மாலைப்பொழுது அடங்கியிருக்க மாட்டாத பெரிய மனிதர்கள், அலுவலகத்தின் உத்திகளையெல்லாம் ஒரு கோப்பை மதுவுக்குச் செலவிடுவதையே எள்ளுகின்றனர். எதையும் மறைக்கவல்ல போர்வையாக அலுவலக மொழி பயன்படுவதை நாம் கண்ணாரக் காண்கிறோம்.

குறையும் உண்டு. கும்ரான் நாட்டார் திரைச்சீலை ஓவியம்போல் பின்னே நிற்கின்றனர். தாம் ஏமாற்றப்படுவது அறிந்தால் அவர் மனம் என்ன பாடுபடும் என்பதற்கு நாடகத்தில் இடமில்லை. எவருக்கும் இழப்பு இல்லாமையால் சிரிப்பும் இலேசாகவே நின்றுவிடுகிறது.

இதனினும் தாழ்ந்தது, நம்மவர் பலரும் கண்டு சிரித்த ‘மைண்ட் யுவர் லாங்குவேஜ்’. 1977-இல் தொடங்கிய இத்தொடரில் சீக்கியரான ரஞ்சித் சிங்கும் முஸ்லிமான அலியும் ஓயாது பூசலிடுவர். சமயம் வேறு என்பதே பெரும்பாலும் பூசலுக்குப் போதிய காரணம். இங்கே எள்ளல் முழுவதும் நம்பிக்கையுடையோர் தலைமேல் விழுகிறது.

மடன் எவ்வளவு கொடியது என்பதை அறிய, அதே பிரிட்டனில் உண்மையாக நடந்த வழக்கொன்றைக் காண்க. வுல்வர்ஹாம்ப்டன் நகரப் பேருந்துத் துறையில் தாடியும் தலைப்பாகையும் கூடாதென்பது விதி. 1967-இல் விடுப்பு முடிந்து அவ்விரண்டுடனும் பணிக்கு வந்த சீக்கிய ஓட்டுநர் ஒருவர் வீட்டுக்கு அனுப்பப்பட்டார். தலைப்பாகையுடன் சீக்கியர் இரண்டு உலகப் போர்களிலும் பிரிட்டிஷ் படையில் போரிட்டனர். மலாயாவிலும் சிங்கப்பூரிலும் அந்த அரசுக்கே காவற்பணி புரிந்தனர். துப்பாக்கி ஏந்தத் தடையாகாத தலைப்பாகை, பேருந்து ஓட்ட மட்டும் தடையாயிற்று! பல்லாயிரவர் ஊர்வலம் சென்றும் குழு தன் விதியை விடவில்லை. சீக்கியத் தலைவர் ஒருவர் தீக்குளிக்கப் போவதாக நாள் குறித்த பின்னரே, 1969 ஏப்ரலில், நகராட்சி இணங்கியது. ஏறத்தாழ ஈராண்டு கழிந்தது.

இவ்வழக்கில் சிரிப்பதற்கு நிறைய உண்டு. ஆனால் சிரித்து முடித்ததும் நெஞ்சு கனக்கும். விதியின் மடனையும், அதனால் ஊதியமும் மதிப்பும் இழந்து நிற்பவனின் துயரையும் ஒருங்கே காட்டும் நாடகமே ‘யெஸ் மினிஸ்டர்’ எட்டாத உயரத்தை எட்டும்.

ஆசிரிய நண்பர்க்கு இதில் பாடம் உண்டு. தலைப்பாகை கட்டிய காவற்காரர் மேடையில் தோன்றினாலே சிரிப்பு வரும் என்று நம்பி எழுதப்பட்ட பள்ளி நாடகங்களை யான் கண்டதுண்டு. பிள்ளைகளும் சிரிக்கத்தான் செய்கின்றனர். மறுநாள் அதே சிரிப்பைத் தெருவுக்கும் கொண்டு செல்கின்றனர். அடுத்த ஆண்டு விழாவுக்கு எழுத அமர்வோர், தலைப்பாகையை விடுத்து, அதைக் கழற்றச் சொல்லும் சுற்றறிக்கையைப் பாத்திரமாக்கிப் பார்க்கட்டும். சிரிப்புக்குக் குறைவிராது, யாருடைய பிள்ளையும் தலைகுனிந்து வீடு திரும்ப நேராது.