மதச் சுதந்திரமும் நிறுவன நலனும்: இலங்கைத் திருச்சபைகளின் எதிர்வினைகள் குறித்துச் சில சிந்தனைகள்

'சுதந்திரம்' என்னுஞ் சொல் வரலாற்றுக்குப் புறம்பாக நின்று பொருள் தருவதில்லை. அதனை யார், யாரிடம், எதன்பொருட்டுக் கோருகின்றனர் என்னும் வினாக்களுக்கு விடை கண்ட பின்னரே அதன் உள்ளடக்கம் தெளிவாகும். ஒரு பனுவலிலே 'நாம்' எனப் பேசுங் குரல் எச்சமூகப் பகுதியினருடையது என ஆராய்வது திறனாய்வாளனின் கடமை. திருச்சபைகள் 'மதச் சுதந்திரம்' எனப் பேசும்பொழுதும் அதே வினாவை எழுப்புதல் பொருத்தமுடையதாகும். தனிமனிதரின் மனச்சாட்சிச் சுதந்திரம், நிறுவனத்தின் சிறப்புரிமை என்னும் இருவேறு பொருள்கள் அச்சொல்லினுள் உறைகின்றன. இவ்விரண்டையும் பிரித்து நோக்காமையால் இலங்கையிலே திருச்சபையும் இடறிற்று. அதனை எதிர்த்து நின்ற முற்போக்காளரும் இடறினர்.

கத்தோலிக்க திருச்சபையின் கோட்பாட்டு வரலாற்றிலேயே இம்முரண்பாட்டைக் காணலாம். 1864 இல் பாப்பரசர் ஒன்பதாம் பத்திநாதர் வெளியிட்ட 'தவறுகளின் பட்டியல்', ஒவ்வொருவரும் தமக்கு உண்மையெனத் தோன்றும் மதத்தைத் தழுவும் உரிமையுடையவர் என்ற கருத்தைக் கண்டித்தது. 1965 டிசெம்பரில் இரண்டாம் வத்திக்கான் சங்கம் அதே உரிமையை மனித மாண்பின் அடிப்படையில் ஏற்றுப் பிரகடனஞ் செய்தது. இடைப்பட்ட 101 ஆண்டுகளில் மாறியது இறையியல் மட்டுமன்று. பாப்பரசரின் நிலவாட்சி வீழ்ந்தது. பாசிசம் எழுந்து அழிந்தது. சோசலிச அரசுகள் தோன்றின. குடியேற்ற நாடுகள் விடுதலை பெற்றன. அதிகாரம் தன்வசம் இருந்தவிடத்து 'உண்மையின் உரிமை' பற்றிப் பேசிய நிறுவனம், அதனை இழந்தவிடத்து மனிதரின் உரிமை பற்றிப் பேசக் கற்றுக்கொண்டது. இதனை வெறும் சந்தர்ப்பவாதம் எனத் தள்ளிவிடுதல் எளிது. ஆயின் அது சரியான வரலாற்று நோக்காகாது. இழப்பின் வழியே பெற்ற ஞானமும் ஞானமே.

இலங்கைச் சூழலில் இவ்விடயம் மேலுஞ் சிக்கலானது. ஒல்லாந்தர் ஆட்சியிலே கத்தோலிக்கம் தடைசெய்யப்பட்டிருந்தது. 1687 இல் யோசேவ் வாஸ் அடிகள் மறைவாகவே இங்கு வந்து யாழ்ப்பாணத்தில் தொண்டாற்றினார். எனவே அடக்குமுறையின் நினைவு அத்திருச்சபைக்கு அந்நியமானதன்று. எனினும் பிரித்தானியர் காலத்தில் அரச நன்கொடை பெற்ற மிசனரிப் பாடசாலைகள் பெருகியபோது, ஆங்கிலங் கற்ற மத்தியதர வர்க்கத்தை உருவாக்கும் முதன்மைச் சாதனங்களுள் ஒன்றாகக் கிறித்தவ நிறுவனங்கள் அமைந்தன. ஒடுக்கப்பட்டிருந்த சமயம் ஒரு தலைமுறையினருக்கு உத்தியோகத்தின் வாயிலாயிற்று.

1960 ஆம் ஆண்டின் நிகழ்ச்சிகளை இப்பின்னணியிலேயே விளங்கிக்கொள்ளல் வேண்டும். அவ்வாண்டின் 5 ஆம் இலக்கச் சட்டமும் 1961 இன் 8 ஆம் இலக்கச் சட்டமும் உதவி நன்கொடை பெறும் பாடசாலைகளை அரசின் கீழ்க் கொணர்ந்தன. கத்தோலிக்கப் பெற்றோர் பாடசாலைகளுள் புகுந்து அமர்ந்து எதிர்ப்புத் தெரிவித்தனர். பம்பாயிலிருந்து கர்தினால் வலேரியன் கிராசியஸ் வந்து சமரசம் பேசவேண்டியதாயிற்று. பிள்ளைகளின் கல்வியைத் தீர்மானிப்பது பெற்றோரின் உரிமை என்பதே திருச்சபையின் வாதம். அது முற்றிலும் பொய்யான வாதமன்று. ஆயின் அவ்வுரிமையின் பெயரால் காக்கப்பட்டவற்றுள் முகாமையாளரின் நியமன அதிகாரமும் நிறுவனத்தின் சமூகச் செல்வாக்கும் அடங்கியிருந்தன. வடபகுதியிலே சைவ வித்தியா விருத்திச் சங்கத்தின் பாடசாலைகளும் இதே சட்டங்களினால் கையேற்கப்பட்டன என்பது ஈண்டு மனங்கொள்ளத்தக்கது. எனவே, பறிபோனது கிறித்தவம் மட்டுமே உரித்தாகக் கொண்டிருந்ததொன்றன்று.

ஆனால் இடதுசாரிகளின் நிலைப்பாடு எத்தகையது? பாடசாலைகளை அரசு பொறுப்பேற்பதை அவர்கள் ஏகாதிபத்திய எச்சங்களுக்கு எதிரான முற்போக்கு நடவடிக்கையாகக் கண்டு ஆதரித்தனர். கல்வியைப் பொதுவுடைமையாக்கல் என்ற வகையில் அது சரியே. எனினும் கையேற்ற அரசு எத்தகைய அரசு என்ற கேள்வி போதிய அழுத்தத்துடன் எழுப்பப்படவில்லை. 1956 இல் தனிச் சிங்களச் சட்டத்தை இயற்றிய அரசு அது. 1972 இல் கொல்வின் ஆர். டி சில்வாவின் பொறுப்பில் உருவான குடியரசு யாப்பே பௌத்தத்துக்கு முதன்மையான இடத்தை வழங்கிற்று; 1978 இன் யாப்பு அதனை 9 ஆம் உறுப்புரையாகத் தொடர்ந்தது. மதச்சார்பின்மையின் பெயரால் நிகழ்ந்தது மதச்சார்பற்ற அரசின் தோற்றமன்று. பெரும்பான்மை மதத்தின் அரசவயமாக்கத்துக்கு அது பாதை திறந்தது. மேற்கு ஐரோப்பியத் திருச்சபைகள் எதிர்கொள்ளும் மதச்சார்பற்ற பண்பாட்டை இங்குள்ள நிலைமையுடன் ஒப்பிட்டுப் பேசுவோர் இவ்வேறுபாட்டைக் கவனிப்பதில்லை.

பாடசாலைகளை இழந்தமை திருச்சபையை அழித்துவிடவில்லை. மாறாக, அதன் மிகச் செழுமையான சமூகச் சிந்தனை அதன் பின்னரே பிறந்தது. 1971 இல் திஸ்ஸ பாலசூரிய அடிகள் கொழும்பில் சமூக, சமய நிலையத்தைத் தொடங்கினார். 1972 இல் போல் காஸ்பர்ஸ் அடிகள் கண்டியிலே 'சத்யோதய'வை நிறுவி மலையகத் தொழிலாளரின் பிரச்சினைகளை ஆய்வுக்கும் செயற்பாட்டுக்கும் உரியவையாக்கினார். அங்கிலிக்கன் திருச்சபையின் குருநாகல் ஆயர் லக்ஷ்மன் விக்கிரமசிங்க மனித உரிமை இயக்கத்தில் முன்னின்றார். இவர்கள் மார்க்சியத்தை எதிரியாகக் கருதி ஒதுக்கவில்லை, அதனுடன் உரையாடினர். இழந்த சலுகையை மீட்பதே இவர்களது நோக்கமாயிருந்திருப்பின் இத்தகைய சிந்தனை தோன்றியிராது.

இவ்வளர்ச்சி நிறுவனத்தின் எல்லையில் முட்டிக்கொண்டதும் உண்டு. 'மரியாளும் மனித விடுதலையும்' என்னும் பொருளில் 1990 இல் வெளிவந்த நூலுக்காகப் பாலசூரிய அடிகள் 1997 ஜனவரியில் திருச்சபைக்குப் புறம்பாக்கப்பட்டார். அத்தண்டனை ஓராண்டின் பின் நீக்கப்பட்டது. மனச்சாட்சியின் சுதந்திரத்தை அரசிடம் கோரும் நிறுவனம், தன்னுள்ளே சிந்திப்பவனுக்கு அதனை எவ்வளவு தூரம் வழங்குகிறது என்ற வினாவை இந்நிகழ்ச்சி எழுப்பியது. அவ்வினா இன்னும் முற்றாகத் தீர்ந்துவிடவில்லை.

2003 இல் நிலைமை வேறோர் உருவெடுத்தது. மென்சிங்கன் பிரான்சிஸ்கன் கன்னியரின் சபையைக் கூட்டிணைப்பதற்கான சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணானது என உயர் நீதிமன்றம் தீர்மானித்தது. மதத்தைப் பரப்புதல் அரசியலமைப்பு பாதுகாக்கும் உரிமையன்று என்பது அதன் நிலை. 2005 இல் ஐக்கிய நாடுகளின் மனித உரிமைக் குழு இத்தீர்மானத்தில் உரிமை மீறல் உண்டெனக் கண்டது. 2004 இல் ஜாதிக ஹெல உறுமய கொணர்ந்த மதமாற்றத் தடைச் சட்டமூலத்தின் சில வாசகங்கள் யாப்புக்கு முரணானவை என அதே உயர் நீதிமன்றம் கூறியது; அது சட்டமாகவில்லை. இவ்வேளையில் பழைய திருச்சபைகள் சட்டமூலத்தை எதிர்த்தன; ஆயினும் புதிய சுவிசேஷக் குழுக்களிலிருந்து தம்மை வேறுபடுத்திக் காட்டவும் அவை தலைப்பட்டன. ஏழை ஒருவன் தன் மதத்தை மாற்றிக்கொண்டால் அவன் விலைபோனவனாகவே இருத்தல் வேண்டும் என்னும் எண்ணம் சட்டமூலத்தின் அடிப்படை. அது வர்க்கத் தன்மை வாய்ந்த எண்ணம். செல்வந்தரின் நம்பிக்கை மாற்றத்தை எவரும் 'ஆசை காட்டலின்' விளைவு என ஐயுறுவதில்லை. அவ்வெண்ணத்தையே கேள்விக்குள்ளாக்கியிருப்பின் திருச்சபைகளின் எதிர்ப்பு இன்னும் வலுப்பெற்றிருக்கும்.

அண்மைக்கால நிகழ்ச்சிகள் இவ்வரலாற்றின் தொடர்ச்சியே. 2018 செப்டெம்பரில் கொழும்புப் பேராயர் கர்தினால் மல்கம் ரஞ்சித், மனித உரிமைகள் மேற்குலகின் புதிய மதமாகிவிட்டன என்ற கருத்தை வெளியிட்டார். 2019 ஏப்பிரல் 21 அன்று கொச்சிக்கடை, கட்டுவாப்பிட்டி, மட்டக்களப்பு ஆகிய இடங்களிலுள்ள தேவாலயங்களிலும் கொழும்பு ஹோட்டல்களிலும் குண்டுகள் வெடித்து 250 பேருக்கு மேல் மாண்டனர். நீதி உள்நாட்டிற் கிடைக்காதபோது, 2022 மார்ச்சில் அதே பேராயர் ஜெனிவாவில் மனித உரிமைப் பேரவையின் முன் உரையாற்றினார். இதனை எள்ளி நகையாடுதல் மனிதத்தன்மையாகாது. மாண்டோரின் உறவினருக்கு வேறு வழி விடப்படவில்லை. ஆயின் அவ்வழியை மன்னார் ஆயர் இராயப்பு யோசப் முன்னரே அறிந்திருந்தார். 2011 ஜனவரியில், கற்றுக்கொண்ட பாடங்களுக்கும் நல்லிணக்கத்துக்குமான ஆணைக்குழுவின் முன், வன்னியில் 146,679 பேரின் கதி என்னவென வினவியவர் அவர். ஒரே திருச்சபையின் இரு மறைமாவட்டங்கள் அரசை வெவ்வேறு காலத்தில் வெவ்வேறு விதமாக இனங்கண்டமைக்கு இனமும் வர்க்கமும் காரணங்களாகும்.

எனவே, மதச் சுதந்திரக் கோரிக்கையை மதிப்பிடுவதற்கான அளவுகோல் அது பிறருக்கும் பொருந்துகின்றதா என்பதே. 2020 இல் கொரோனாவினால் இறந்த முஸ்லிம்களின் உடல்கள் உறவினரின் விருப்பத்துக்கு மாறாக எரிக்கப்பட்டன. 2024 இல் வெடுக்குநாறி மலையில் சிவராத்திரி வழிபாட்டுக்குச் சென்றவர்கள் கைதாயினர். சிற்றூரிலே ஓர் ஓலைக்கூரையின் கீழ்க் கூடும் செபக் குழுவின் உரிமையும் இவற்றோடு சேர்த்தெண்ணப்படல் வேண்டும். திருச்சபை இவ்வுரிமைகளைத் தன் உரிமையைப் போன்றே பேசுமாயின் அதன் 'நாம்' மக்களின் 'நாம்' ஆகும். முற்போக்காளருக்கும் இது பொருந்தும். மதத்தை விமர்சிக்கும் நமது உரிமையும் நம்புவோனின் உரிமையும் ஒரே அரசிடமிருந்தே காக்கப்படவேண்டியுள்ளன. 1972 இல் அதனை மறந்தமைக்கான விலையை இந்நாட்டின் சிறுபான்மையினர் இன்றும் செலுத்திவருகின்றனர்.