வருண லிங்கத்தருகே பாஸ்டன்

ஏப்ரல் பிறந்தால் எங்கள் அடி அண்ணாமலையில் விடியலுக்கு இரண்டு சத்தம். கிரிவலம் போகிறவர்களின் வெறுங்கால் சத்தம் ஒன்று, திண்ணைகளில் முழு ஆண்டுப் பரீட்சைக்கு உருப்போடும் பிள்ளைகளின் சத்தம் இன்னொன்று. பக்கத்து வீட்டுப் பெண் ஒன்பதாம் வகுப்பு. சமூக அறிவியல் புத்தகத்தில் ‘புரட்சிகளின் காலம்’ என்றொரு பாடம். அதன் முன்பாதி அமெரிக்க விடுதலைப் போர். “முத்திரைச் சட்டம் 1765, முத்திரைச் சட்டம் 1765” என்று மூன்று நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். முத்திரைச் சட்டம் என்றால் என்னம்மா என்று சுவருக்கு இந்தப் பக்கமிருந்து கேட்டேன். “ஒரு மார்க் மாமா” என்று பதில் வந்தது.

சினிமாவை, கச்சேரியை, கத்திரிக்காய்க் குழம்பை எப்படி ரசிப்பது என்று எழுத ஆளிருக்கிறது. ஒன்பதாம் வகுப்பு வரலாற்றை ரசிக்கச் சொல்லித்தர ஆளில்லை. எனக்குத் தெரிந்த வழி நடைதான். வீட்டு வாசலிலேயே, திருவண்ணாமலையைச் சுற்றி 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையும் எட்டு லிங்கமும் இருக்கும்போது காலக்கோட்டை நோட்டில் மட்டும் எதற்குப் போட வேண்டும்? நீண்ட பேச்சை ஒரு கட்டடத்தின் அறை அறையாக வைத்து நினைவில் கொள்ளும் வித்தை பழைய ரோமானியப் பேச்சாளர்களிடம் இருந்தது. நமக்கு ஒரு மலையே இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை விடிகாலை நாலு மணிக்கு அவளும் அவள் அம்மாவும் நானும் ஆட்டோ பிடித்துக் கீழைக் கோபுரத்துக்குப் போனோம். ஒரே நிபந்தனை: புத்தகமும் கைடும் வீட்டிலேயே இருக்க வேண்டும்.

இந்திர லிங்கத்தில் 1763. ராஜாவின் மிடுக்கிலிருந்து தொடங்குவதுதான் பொருத்தம். ஏழாண்டுப் போரில் பிரான்சை முறியடித்து வட அமெரிக்காவில் பிரிட்டன் தலைநிமிர்ந்து நின்ற ஆண்டு அது. இங்கே பிள்ளைகளிடம் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு: அதே போரின் ஒரு சண்டை நம் மாவட்டத்தில் நடந்தது. 1760 ஜனவரி 22 அன்று வந்தவாசியில் அயர் கூட் பிரெஞ்சுத் தளபதி லாலியைத் தோற்கடித்தார். கனடாவில் கியூபெக் விழுந்ததும் இங்கே வந்தவாசி போனதும் ஒரே கணக்கில் வரவேண்டியவை. நாம் அவற்றை வேறு வேறு பாடத்தில் படித்து வேறு வேறு ஆண்டில் மறந்துவிடுகிறோம். ஜெயித்தவனுக்கும் கடன் உண்டு. பிரிட்டனுக்கு அது மலையளவு. அந்தக் கடனைக் கட்ட அமெரிக்கக் குடியேற்றங்களும் பங்கு தரட்டும் என்று லண்டன் நினைத்ததில்தான் கதை தொடங்குகிறது. இனிமேல் வருவதையெல்லாம் ஒரு கேள்வியோடு படிக்கச் சொல்லுங்கள்: பணம் யார் கையிலிருந்து யார் கைக்குப் போகிறது?

அக்னி லிங்கத்தில் 1765, முத்திரைச் சட்டம். “உங்க அப்பா நிலம் வாங்கினப்போ பத்திர ஆபீசுல முத்திரைத்தாள் வாங்கினாரே, அதேதான்” என்றேன். பத்திரம், செய்தித்தாள், உரிமம், சீட்டுக்கட்டு வரைக்கும் முத்திரை வேண்டும், முத்திரைக்குக் காசு வேண்டும். சீட்டுக்கட்டு என்றதும் அவள் அம்மா சிரித்துவிட்டார். முத்திரைத்தாளைக் கொளுத்தினார்கள், அதை விற்க வந்த அதிகாரிகளின் கொடும்பாவியைக் கொளுத்தினார்கள். அக்னியில் இதை வைக்க வேறு காரணம் வேண்டுமா? மறு ஆண்டே சட்டம் வாபஸ். எங்களுக்கு ஆளே இல்லாத பாராளுமன்றம் எங்களுக்கு எப்படி வரி போடலாம் என்பதுதான் அவர்கள் கேட்டது. ஐந்து மார்க் கேள்வி எது வந்தாலும் இந்த ஒரு வரியைச் சுற்றித்தான் வரும்.

அங்கிருந்து செங்கம் சாலையில் நடக்கும்போது லிங்கம் எதுவும் இல்லாத இடத்தில் நின்று 1767-ஐச் சொன்னேன். அந்த ஆண்டில் லண்டன் கண்ணாடி, காகிதம், வர்ணம், ஈயம், தேயிலை ஆகியவற்றின் மேல் புதிதாக வரி போட்டது. அதே ஆண்டு செப்டம்பர் 3 அன்று செங்கத்திலும், 25, 26 தேதிகளில் இதே திருவண்ணாமலையிலும் மைசூரின் ஹைதர் அலியும் நிஜாமும் ஒரு பக்கம், கர்னல் ஜோசப் ஸ்மித்தின் கிழக்கிந்தியக் கம்பெனிப் படை மறுபக்கம். இங்கே நடந்த சண்டையில் கம்பெனி ஜெயித்தது. ஆனால் ஒன்றரை ஆண்டு கழித்து, 1769-இல் ஹைதர் சென்னை வாசலிலேயே நின்று உடன்படிக்கை வாங்கிக்கொண்டார். இதை ஓரமாக முடிந்து வைத்துக்கொள்ளுங்கள், நிருதி லிங்கத்தில் அவிழ்ப்போம்.

எம லிங்கத்தில் 1770 மார்ச் 5, பாஸ்டன் படுகொலை. ஐந்து பேர் செத்தார்கள். சுட்ட ஆங்கிலச் சிப்பாய்களுக்காக வழக்காடியவர் ஜான் ஆடம்ஸ், பின்னாளில் அமெரிக்காவின் இரண்டாவது ஜனாதிபதி. அதே மார்ச் 5 அன்று லண்டனில் பிரதமர் நார்த் பிரபு தேயிலை வரியை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற வரிகளை எடுத்துவிடலாம் என்று பாராளுமன்றத்தில் பேசிக்கொண்டிருந்தார். இரண்டு ஊருக்கும் நடுவே கடலில் வாரக்கணக்கில் பயணம். சேதி தெரியாமலே இரண்டும் நடந்தன. “அப்போ வாட்ஸப் இருந்திருந்தா?” என்றாள். எனக்கும் அதே யோசனைதான்.

நிருதி லிங்கத்தில் 1772. இதை எந்தப் பரீட்சையிலும் தனியாகக் கேட்க மாட்டார்கள். ஆனாலும் ரசனைக்கு இதுதான் அச்சாணி என்பேன். ஹைதர் சென்னை வரை வந்துவிட்டார் என்ற சேதி 1769-இல் லண்டனை எட்டியதும் கிழக்கிந்தியக் கம்பெனியின் பங்கு விலை சரிந்தது. அடுத்து வங்காளப் பஞ்சம். 1772-இல் ஐரோப்பாவில் கடன் நெருக்கடி. கம்பெனி திவாலாகும் நிலைக்கு வந்து அரசிடம் கையேந்தியது, 14 லட்சம் பவுண்டு கடன் வாங்கியது. லண்டன் கிடங்குகளில் விற்காத தேயிலை ஒன்றரைக் கோடி பவுண்டு எடைக்கு மேல் கிடந்தது. அதைத் தள்ளிவிட ஒரு சந்தை வேண்டும். 1773-இல் இரண்டு சட்டங்கள் வந்தன. கம்பெனியைக் கட்டுக்குள் வைக்க ஒழுங்குமுறைச் சட்டம், அதன் தேயிலையை அமெரிக்காவில் நேராக விற்கத் தேயிலைச் சட்டம். முதலாவது இந்திய வரலாற்றுப் பாடத்தில் வரும், இரண்டாவது அமெரிக்கப் பாடத்தில் வரும். ஒரே கடைக்காரனின் ஒரே கஷ்டம் இரண்டும். ஹைதரால்தான் பாஸ்டனில் தேயிலை கடலுக்குப் போனது என்று யாராவது விடைத்தாளில் எழுதிவைத்தால் நான் பொறுப்பில்லை. பல காரணங்களில் அவரும் ஒரு இழை, அவ்வளவுதான்.

வருண லிங்கத்துக்கு வரும்போது வெயில் ஏறிவிட்டது. ஒரு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தோம். இதற்கு மேல் நல்ல இடம் கிடைக்காது. 1773 டிசம்பர் 16 இரவு, டார்ட்மத், எலினார், பீவர் என்ற மூன்று கப்பல்களிலிருந்து 342 பெட்டித் தேயிலை பாஸ்டன் துறைமுகத்தில் கொட்டப்பட்டது. கொட்டியவர்கள் மொஹாக் பழங்குடியினர் போல வேஷம் கட்டியிருந்தார்கள். இந்தக் கதை புத்தகத்தில் உண்டு. அவள் கேட்ட கேள்விதான் அதில் இல்லை: “புதுச் சட்டத்துல டீத்தூள் விலை ஏறுச்சா மாமா?” இல்லை, குறைந்தது! கடத்திவந்த டச்சுத் தேயிலையை விடவும் மலிவு. மலிவாக வந்ததைப் போய் யாராவது கடலில் கொட்டுவார்களா? இந்த இடத்தில் பிள்ளையை அவசரப்படுத்தாதீர்கள். யோசிக்கட்டும். டீ ஆறும் வரை நாங்கள் பேசவில்லை. பிறகு அவளே சொன்னாள்: “வாங்கிக் குடிச்சா வரியையும் ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும்.” ஆமாம். பவுண்டுக்கு மூன்று பென்ஸ் வரி அந்த மலிவு விலைக்குள் ஒளிந்திருந்தது. கூடவே, கம்பெனி நேரே விற்றால் ஊர் வியாபாரிக்கும் கடத்தல்காரனுக்கும் பிழைப்பு போச்சு. கொள்கையும் கல்லாப்பெட்டியும் ஒன்றாகக் கைகோத்த ராத்திரி அது. எது பெரிய காரணம் என்று சரித்திரக்காரர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். எனக்குக் கல்லாப்பெட்டி பக்கம்தான் சாய்வு.

இன்னும் இரண்டு சேதி. கொட்டிய தேயிலை சீனத்துச் சரக்கு. அஸ்ஸாமிலோ நீலகிரியிலோ அப்போது தேயிலைத் தோட்டமே கிடையாது. ‘தேநீர் விருந்து’ என்ற பெயரும் சம்பவம் நடந்து அரை நூற்றாண்டுக்குப் பிறகு புழக்கத்துக்கு வந்ததுதான்.

வருண லிங்கத்துக்கு அடுத்து எங்கள் ஊர். நடையில் பெரிய சோதனை இதுதான், வீடு கண்ணுக்குத் தெரியும். ஆதி அருணாசலேஸ்வரர் கோயிலுக்குள் போய்க் கும்பிட்டுவிட்டு மண்டபத்து நிழலில் 1775 ஏப்ரல் 19-ஐ முடித்தோம். லெக்சிங்டனில் முதல் துப்பாக்கிச் சூடு. யார் முதலில் சுட்டது என்பது இன்றுவரை துலங்கவில்லை. பள்ளிக்கூடத்துச் சண்டையிலும் அப்படித்தானே.

வாயு லிங்கத்தில் 1776 ஜூலை 4. சுதந்திரப் பிரகடனத்தை நான்கு நாள் கழித்துப் பிலடெல்பியாவில் கூட்டத்துக்கு நடுவே உரக்கப் படித்தார்கள், காற்றில் போன சொல். எழுதியதில் பெரும் பங்கு தாமஸ் ஜெபர்சனுடையது. மனிதர் எல்லோரும் சமம் என்று எழுதியவர் தம் வாழ்நாளில் 600-க்கும் மேற்பட்ட அடிமைகளை வைத்திருந்தவர். இதைச் சொன்னதும் பெண்ணின் அம்மா நடையை நிறுத்திவிட்டார். “அப்போ அவங்கள்லாம் அதுல சேத்தி இல்லையா?” அடிமை முறையை ஒழித்த 13-ஆவது திருத்தம் 1865-இல்தான் வந்தது என்றேன். “எண்பத்தொம்பது வருஷம்” என்று கணக்குப் போட்டுச் சொன்னது அம்மாதான். அவர் ஐந்தாவதோடு படிப்பை நிறுத்தியவர்.

குபேர லிங்கத்தில் 1778, பிரான்சு கூட்டணி. பணமும் கப்பலும் பட்டாளமும் வந்தன. முந்திய ஆண்டு சரடோகாவில் ஆங்கிலப் படை சரணடைந்ததைப் பார்த்த பிறகுதான் பிரான்சு வெளிப்படையாக மடியை அவிழ்த்தது. அந்த உதவிக்காக வாங்கிய கடனும் பிரெஞ்சு கஜானாவை அமுக்கி 1789 பிரெஞ்சுப் புரட்சிக்கு வழிவிட்டது. பாடத்தின் முன்பாதியும் பின்பாதியும் ஒட்டிக்கொள்ளும் இடம் இந்தக் குபேர லிங்கம். இதை விட்டுவிட்டால் இரண்டும் தனித்தனிக் கதையாகப் போய்விடும்.

பிரான்சு அங்கே கைகோத்ததால் இங்கே பிரிட்டன் பாண்டிச்சேரியையும் மாஹேயையும் பிடித்தது. மாஹே வழியாகத்தான் ஹைதருக்குப் பிரெஞ்சு ஆயுதம் வந்துகொண்டிருந்தது. 1780-இல் அவர் அன்று கர்நாடகம் எனப்பட்ட நம் பகுதிக்குள் இறங்கிவிட்டார். செப்டம்பரில் பொள்ளிலூரில் கம்பெனிப் படையை நொறுக்கினார். ஹைதரின் பெயர் கடல் தாண்டியது: 1782 ஏப்ரலில் டெலவேர் விரிகுடாவில் ஜாஷுவா பார்னி என்பவர் பிரிட்டனின் ‘ஜெனரல் மங்க்’ கப்பலைப் பிடித்தார். அவருடைய பென்சில்வேனியாக் கப்பலின் பெயர் ‘ஹைதர் அலி’. நம் ஊரில் சண்டை போட்டவர் பெயரில் அமெரிக்கக் கப்பல் என்றதும் அவள் பத்தடி தூரம் குதித்துக்கொண்டு நடந்தாள். அதற்குப் பிறகு கால் வலி பற்றிப் பேச்சே இல்லை.

யார்க்டவுனை நடந்துகொண்டே முடித்தோம். 1781 அக்டோபர் 19 அன்று அங்கே சரணடைந்த ஆங்கிலத் தளபதி கார்ன்வாலிஸ் உடம்பு சரியில்லை என்று வாளை ஒப்படைக்க வேறொருவரை அனுப்பினார். அதே ஆள் 1786-இல் இந்தியாவுக்குக் கவர்னர் ஜெனரலாக வந்து, 1792-இல் ஹைதரின் மகன் திப்புவின் இரு பிள்ளைகளைப் பணயமாக வாங்கினார், 1793-இல் வங்காளத்தில் நிலையான நிலவரித் திட்டம் கொண்டுவந்தார். ‘பொருத்துக’வில் அந்தப் பெயர் எந்தப் பக்கம் வந்தாலும் இனி மிரள வேண்டாம்.

ஈசான்ய லிங்கத்தில் 1783. செப்டம்பர் 3, பாரிஸ் உடன்படிக்கை. அதற்குச் சற்று முன்னால் அந்த நீண்ட போரின் கடைசிச் சண்டை என்று பலரும் சொல்வது எங்கே நடந்தது தெரியுமா? கடலூரில். ஜூன் மாதத்தில் பிரெஞ்சுக்காரர்களும் ஆங்கிலேயர்களும் அங்கே வெட்டிக்கொண்டார்கள். ஐரோப்பாவில் ஜனவரியிலேயே பூர்வாங்க சமாதானம் ஆகிவிட்டிருந்தது. சேதி வந்து சேர மாதக் கடைசியாயிற்று. பாஸ்டனில் பிடித்த தீ விழுப்புரம் தாண்டி அணைந்தது.

வெளியூர்க்காரர்களுக்குக் கிரிவலப் பாதை வேண்டும் என்பதில்லை. பள்ளிக்குப் போகும் டவுன் பஸ்ஸின் நிறுத்தங்கள் போதும். ஆனால் நிகழ்ச்சிக்கும் இடத்துக்கும் ஏதாவது ஒரு குறும்பான பொருத்தம் இருக்க வேண்டும். தண்ணீர்த் தொட்டியில் தேயிலை, பத்திர ஆபீசில் முத்திரை, அடகுக் கடையில் பிரான்சு. பொருத்தத்தைப் பிள்ளையே கண்டுபிடிக்க விடுங்கள், நீங்கள் சொன்னால் அதுவும் ஒரு நோட்ஸ் ஆகிவிடும். பரீட்சை ஹாலில் புத்தகத்தில் உள்ளதையே எழுதச் சொல்லுங்கள். ஹைதர் அலிக் கப்பலுக்கு மார்க் போட விடைத்தாள் திருத்தும் டீச்சருக்கு விடைக்குறிப்பில் இடமிருக்காது.

ஈசான்யத்தில் உட்கார்ந்து எட்டையும் முன்னும் பின்னுமாக ஒப்பித்தாள். எம லிங்கத்தில் மட்டும் தேதி தடுமாறியது. செருப்பைத் தேடிக்கொண்டே, “அடுத்து பிரெஞ்சுப் புரட்சி இருக்கே மாமா, அதுக்கு?” என்றாள்.

“அதுக்கு ஆட்டோவுல சுத்தலாம்” என்றார் அவள் அம்மா.