டப்பிங்கில் கிடைக்காத குரல்

தமிழ்ப் படப்பிடிப்பை முதன்முறை நேரில் பார்ப்பவர்கள் அங்கே இருக்கும் இரைச்சலைக் கண்டு வியப்பார்கள். கேமரா ஓடிக்கொண்டிருக்கும்போதே இயக்குநர், "அப்படியே திரும்புங்க, இப்ப கண்ணைத் தாழ்த்துங்க" என்று மைக்கில் சொல்லிக்கொண்டிருப்பார். உதவி இயக்குநர் ஒருவர் கேமராவுக்குப் பக்கத்தில் குந்தியபடி வசனத்தை வரிவரியாக எடுத்துக் கொடுப்பார். மறைவில் ஜெனரேட்டர் உறுமும். இத்தனைக்கும் நடுவே பதிவாகும் ஒலிக்கு 'பைலட் டிராக்' என்று பெயர். பின்னால் டப்பிங் பேசுகிறவர்களுக்கு வழிகாட்டியதும் அதன் ஆயுள் முடிந்துவிடும். ஒலியில் என்ன குறை தெரிந்தாலும் தளத்தில் எல்லோரிடமும் ஒரே பதில்தான் இருக்கும்: "டப்பிங்ல பாத்துக்கலாம்."

அந்தப் பதிலை ஏற்க மறுப்பதிலிருந்துதான் லொகேஷன் சவுண்ட் மிக்சரின் கலை தொடங்குகிறது. நடிக்கும் கணத்தில், நடிக்கும் இடத்தில், நடிப்பவரின் தொண்டையிலிருந்து வரும் குரலைப் படத்தின் இறுதிவரை கொண்டு சேர்ப்பது அவருடைய வேலை. ஒரு சொல்லுக்கு முன்னால் வரும் மூச்சு, அழுகையை அடக்கும்போது உள்நாக்கில் எழும் சின்னக் 'கிளிக்', மாடிப்படி ஏறி வந்தவரின் இளைப்பு ஆகியவை ஏசி போட்ட இருட்டறையில் மூன்று மாதம் கழித்து நின்று பேசும்போது திரும்பி வருவதில்லை. மிகத் தேர்ந்த நடிகர்கள் டப்பிங்கிலும் அதிசயம் செய்திருக்கிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் உடம்பு ஓடியிருக்க, குரல் மட்டும் நின்ற இடத்திலேயே இருப்பது காதுக்குத் தெரிந்துவிடும்.

தமிழ் சினிமா நேரடிக் குரலோடுதான் பிறந்தது. 1931-இல் 'காளிதாஸ்' வந்தபோது பேசும்படம் என்றாலே அங்கேயே அப்போதே பதிவான பேச்சுதான். பின்னணிப் பாட்டு வருவதற்கு முன் நடிகர்கள் கேமரா முன்னால் நடித்தபடியே பாடினார்கள். வாத்தியக்காரர்கள் ஃபிரேமுக்கு வெளியே, மைக்குக்குக் கேட்கிற தூரத்தில் உட்கார்ந்து வாசித்தார்கள். 1930-களின் பிற்பகுதியில் பாட்டு முதலில் பிரிந்து போனது. பிறகு எடை குறைந்த ஆரிஃப்ளெக்ஸ் கேமராக்கள் வந்து வெளிப்புறப் படப்பிடிப்பை எளிதாக்கின. ஆனால் ஃபிலிம் ஓடும்போது அவை போட்ட கடகடச் சத்தத்தில் வசனத்தைச் சுத்தமாகப் பிடிக்க வழியில்லாமல் பேச்சும் பிரிந்து போனது. 1977-இல் '16 வயதினிலே' வந்ததை ஒட்டி நம் கேமரா ஸ்டூடியோவை விட்டுக் கிராமத்துக்கே போயிற்று. செம்மண்ணும் ஓடையும் கண்ணுக்கு வந்தன. ஆனால் அந்தக் காலப் படங்கள் பலவற்றில் காதுக்கு வந்து சேர்ந்தது கோடம்பாக்கத்து அறைதான்.

இங்கே பேச்சு பிரிந்துகொண்டிருந்த காலத்தில் வெளிநாடுகளில் இதற்கு நேர்மாறாக நடந்தது. போலந்தில் பிறந்து சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த ஸ்டீஃபன் குடெல்ஸ்கி 1958-இல் நாக்ரா III என்ற ஒலிப்பதிவுக் கருவியைக் கொண்டுவந்தார். டார்ச் பேட்டரியில் ஓடும், தோளில் மாட்டிக்கொள்ளலாம், கேமராவோடு பிசகாமல் இணைந்து ஓடும். ஒலிப்பதிவாளர் தெருவுக்கும் காட்டுக்கும் போகத் தொடங்கியது அதிலிருந்துதான். இங்கே பலருக்கு அது பாடல் காட்சிகளில் பாட்டை ஒலிக்கவிட்ட பெட்டியாகத்தான் நினைவிருக்கிறது. 2001-இல் 'லகான்' படத்துக்காகக் கட்ச் பகுதியின் பொட்டல்வெளியில் நகுல் காம்தே நேரடி ஒலியைப் பதிவுசெய்தபோதுதான், பெரிய வணிகப் படத்திலும் இது முடியும் என்று இந்தியில் பலர் நம்பினார்கள். தமிழில் 2004-இல் 'விருமாண்டி' நேரடி ஒலியில் வந்தது. அந்தப் படத்தின் மதுரைப் பேச்சு இன்றும் சூடு ஆறாமல் இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம் என்பது என் எண்ணம்.

இந்தக் கலையை ரசிக்க விரும்புகிறவர் பூம் பிடிப்பவரிடமிருந்து தொடங்க வேண்டும். நீளக் கம்பின் நுனியில் மைக். கம்பு கார்பன் ஃபைபரால் ஆனது, எடை அதிகமில்லை. ஆனால் இரு கைகளையும் தலைக்கு மேல் தூக்கி நாலு நிமிட ஷாட் முழுவதும் அசையாமல் பிடிப்பது சாதாரணமல்ல. மைக் ஃபிரேமின் மேல்விளிம்புக்கு ஒரு விரல்கடை மேலே நிற்க வேண்டும். விளக்குகள் அதன் நிழலைச் சுவரில் போட்டுவிடக் கூடாது. ஒருவர் பேசி முடித்து மற்றவர் வாய் திறப்பதற்குள் மணிக்கட்டைத் திருப்பி மைக்கை அவர் பக்கம் கொண்டுபோயிருக்க வேண்டும். பேச்சு தொடங்கிய பிறகு திருப்பினால் முதல் எழுத்து மங்கிவிடும். அதனால் நல்ல பூம் ஆபரேட்டருக்கு எல்லோருடைய வசனமும் மனப்பாடம். எந்த நடிகர் வரியை விழுங்குவார், யார் ஒத்திகையில் முணுமுணுத்துவிட்டு டேக்கில் கத்துவார் என்பதெல்லாம் இரண்டாம் நாளே அவருக்குத் தெரிந்துவிடும். நாட்டியத்தில் பாட்டின் அடுத்த அடி வருமுன்பே நட்டுவனார் தட்டத் தயாராக இருப்பதைப் போன்றது அந்த முன்னறிவு.

கம்பைப் பிடிக்க ஏன் இவ்வளவு பாடு, சட்டைக்குள் ஒரு காலர் மைக்கைச் செருகினால் போதாதா என்று கேட்பார்கள். விடை தூரத்தில் இருக்கிறது. வாய்க்கும் மைக்குக்கும் இடைவெளி இரட்டிப்பானால் நேரே வரும் குரல் 6 டெசிபல் குறைகிறது. அறைச் சுவர்களில் பட்டுத் திரும்பும் ஒலியோ ஏறத்தாழ அப்படியே இருக்கிறது. ஆகவே தூரம் மாறும்போது குரலுக்கும் அறைக்கும் உள்ள விகிதம் மாறுகிறது. வைடு ஷாட்டில் ஃபிரேம் பெரிது, பூம் தள்ளி நிற்கும், குரலோடு கூடத்தின் காற்றும் சேர்ந்து வரும். குளோசப்பில் பூம் இறங்கி வரும், குரலும் நெருங்கி வரும். கண் பார்க்கும் தூரமும் காது கேட்கும் தூரமும் இப்படித் தானாகவே ஒத்துப்போகின்றன. காலர் மைக்கோ கூடத்தின் கோடியில் நிற்பவரையும் காதருகே பேசவைத்துவிடும். அவர் தலையைத் திருப்பினால் குரல் மங்கிவிடும். காலர் மைக் தவிர்க்க முடியாதது, அதில் கைதேர்ந்தவர்களும் இருக்கிறார்கள். ஆனாலும் பூமில் பதிவான குரலுக்கே என் ஓட்டு. ஒரே நேரத்தில் ஒரு கேமரா வைடிலும் இன்னொன்று குளோசப்பிலும் ஓடுவதை மிக்சர்கள் வெறுப்பதும் இதனால்தான். வைடு ஃபிரேம் பூமை மேலே துரத்திவிட, குளோசப்பில் இருக்கும் முகத்துக்குத் தூரத்துக் குரல்தான் மிஞ்சும்.

மைக்கைத் தேர்ந்தெடுப்பதும் ரசனைதான். வெளிப்புறத்துக்குச் சென்ஹைசர் 416 போன்ற ஷாட்கன் மைக் பல காலமாகத் தளங்களில் நம்பிக்கையான துணை. அதே மைக்கைத் தாழ்ந்த கூரை உள்ள அறைக்குள் கொண்டுபோனால், சுவரிலும் கூரையிலும் பட்டு வரும் ஒலி நிறம் மாறிக் குழலுக்குள்ளிருந்து பேசுவதுபோல ஆகிவிடும். அங்கே ஷூப்ஸ் போன்ற சிறிய மைக் அழகாக வேலை செய்யும். இந்த வேறுபாட்டை ஒருமுறை கேட்டுவிட்டால் பிறகு எந்த வீட்டுக் காட்சியிலும் கேட்காமல் இருக்க முடியாது.

தூரத்துக்கு இன்னொரு விளைவும் உண்டு. ஒலி நொடிக்குச் சுமார் 343 மீட்டர் போகிறது. சினிமாவில் நொடிக்கு 24 ஃபிரேம். கணக்குப் போட்டால் ஒரு ஃபிரேம் நேரத்தில் ஒலி ஏறத்தாழ 14 மீட்டர்தான் கடக்கும். வயலின் அந்தக் கரையில் நிற்பவரின் கூப்பாடு இந்தக் கரையில் இருக்கும் மைக்குக்கு இரண்டு மூன்று ஃபிரேம் தாமதமாகவே வரும். வயல்வெளியில் நேரே நின்று கேட்டால் நம் காதும் அப்படித்தான் கேட்கும். அந்தத் தாமதத்தை முழுக்கத் திருத்தாமல் கொஞ்சம் விட்டுவைப்பவரை நான் ரசிக்கிறேன்.

இனி மிக்சரின் காது. தளத்துக்குள் நுழைந்ததும் மற்றவர்கள் வெளிச்சத்தைப் பார்ப்பார்கள், இவர் கேட்டுக்கொண்டு நிற்பார். மின்விசிறி, ஃபிரிட்ஜ், பக்கத்து வீட்டு மோட்டார், ஆடி மாதமென்றால் தெருமுனைக் கோயிலின் ஒலிபெருக்கி. ஷாட்டுக்கு முன் ஃபிரிட்ஜை அணைக்கச் சொல்லிவிட்டுத் தன் வண்டிச் சாவியை அதற்குள் வைத்துவிடுவது இந்தத் தொழிலில் உலகம் முழுக்க இருக்கும் பழக்கம். மறுபடி ஃபிரிட்ஜைப் போடாமல் வீட்டுக்குப் போக முடியாதல்லவா! பிறகு உடைகள். பட்டுச்சேலை ஒவ்வோர் அசைவுக்கும் சரசரக்கும். கஞ்சி போட்ட வேட்டி அதைவிட மோசம். கண்ணாடி வளையலும் கொலுசும் வசனத்தின் மேலேயே விழும். காலர் மைக்கைத் துணிக்கு அடியில் ஒட்டும்போது டேப்பை எந்தப் பக்கம் மடிக்க வேண்டும், வியர்வை எங்கே இறங்கும் என்பதெல்லாம் கைப்பழக்கத்தில் வருபவை. அதற்கும் மேலான ஒரு பண்பு உண்டு. மைக் பொருத்த வரும்போது, "அம்மா, இதை இங்கே வைக்கட்டுங்களா?" என்று கேட்டு, சம்மதம் வாங்கி, வேண்டுமானால் காஸ்ட்யூம் பார்க்கும் பெண்ணிடம் கொடுத்துப் பொருத்தச் சொல்வது. நல்ல மிக்சரை அந்த ஒரு நிமிடத்தில் அடையாளம் கண்டுகொள்ளலாம்.

எல்லாச் சத்தத்தையும் விரட்டுகிறவர் நல்ல மிக்சர் என்று நினைத்துவிடக் கூடாது. காகம் கரைவது நம் ஊரின் பகல். அது வசனத்தின் இடைவெளியில் விழுந்தால் வரம், சொல்லின் மேல் விழுந்தால் இடைஞ்சல். ஒரு ஷாட்டில் குயில் கூவி, எதிர் ஷாட்டில் கூவாமல் போனால் எடிட்டரின் வெட்டு அம்பலமாகிவிடும். அதனால்தான் காட்சி முடிந்ததும் எல்லோரையும் நின்ற இடத்தில் நிற்கவைத்து அந்த இடத்தின் வெறும் ஒலியை அரை நிமிடமாவது பதிவுசெய்கிறார்கள். கெட்டுப்போன வரிகளையும், சூடு ஆறுமுன் அதே இடத்தில் கேமரா இல்லாமல் பேசவைத்து வாங்கிக்கொள்கிறார்கள். இந்தச் சில நிமிடங்களைக் கேட்டு வாங்குவதற்கு மிக்சர் படும் பாட்டைப் பார்த்தால் மனம் வலிக்கும். அடுத்த ஷாட்டுக்கு லைட் மாற்ற ஆட்கள் அதற்குள் ஏணியைத் தூக்கியிருப்பார்கள்.

பலரும் ஒரே நேரத்தில் பேசும் காட்சி இந்தக் கலைக்குப் பெரிய சோதனை. ராபர்ட் ஆல்ட்மனின் 'நாஷ்வில்' (1975) படத்தில் ஜிம் வெப் நடிகர்களுக்குத் தனித்தனியாக ரேடியோ மைக் மாட்டி எட்டு டிராக் கருவியில் பதிவுசெய்தார். ஒருவர் பேச்சின் மேல் இன்னொருவர் பேச, கூட்டத்தின் எந்த மூலையை எப்போது கேட்பது என்பதைப் பிறகு தீர்மானிக்க முடிந்தது. 2012-இல் 'லே மிசெராப்ல்ஸ்' படத்துக்குச் சைமன் ஹேய்ஸ் இன்னும் துணிந்தார். நடிகர்கள் காதுக்குள் மறைத்த சிறு கருவியில் பியானோவைக் கேட்டபடி கேமரா முன்னாலேயே பாடினார்கள். மைக்குகளை உடைக்கு வெளியே வைத்துப் பதிந்துவிட்டு, பிறகு கணினியில் அவற்றைப் படத்திலிருந்து அழித்தார்கள். அந்த ஒலிக்கலவைக்கு ஆஸ்கர் கிடைத்தது. நம் முப்பதுகளின் நட்சத்திரங்கள் செய்ததையே எண்பது ஆண்டுகளுக்குப் பின் புதிய கருவிகளோடு செய்திருக்கிறார்கள் என்பதில் எனக்குத் தனி மகிழ்ச்சி.

டிவியில் கதை வேறு. ரியாலிட்டி ஷோவிலும் ஆவணப்படத்திலும் ஒரே ஆள் மிக்சர் கருவியை மார்பில் கட்டிக்கொண்டு, பூமையும் பிடித்து, கேமராமேன் திரும்பும் பக்கமெல்லாம் பின்னால் ஓடுவார். ஒத்திகை கிடையாது, இரண்டாவது டேக்கும் கிடையாது. எது நடக்கப்போகிறது என்பதைப் பேசுகிறவரின் தோள் அசைவிலிருந்து ஊகிக்க வேண்டும். இப்போது 32 பிட் ஃப்ளோட் கருவிகள் வந்துவிட்டன, திடீர் அலறலிலும் பதிவு உடையாது. ஆனால் தூரத்தில் வைத்த மைக்கை எந்தக் கருவியும் அருகில் கொண்டுவருவதில்லை.

இவர்களில் பெரும்பாலோர் ஃப்ரீலான்ஸ். கருவிகள் பலருக்கும் சொந்தக் கடனில் வாங்கியவை. நாள் சம்பளமும் கருவி வாடகையும் தனித்தனியே பேசிக்கொள்ள வேண்டும், இரண்டும் நேரத்துக்கு வருமென்று சொல்ல முடியாது. ஒவ்வொரு படத்திலும் முன்பின் தெரியாத யூனிட்டுக்குள் போய், ஜெனரேட்டரை இன்னும் இருநூறு அடி தள்ளி நிறுத்துங்கள் என்று கேட்க வேண்டும். லொகேஷன் பார்க்கப் போகும்போதே இவரை அழைத்துப்போனால் நெடுஞ்சாலையை ஒட்டிய வீட்டை அன்றைக்கே தவிர்த்திருக்கலாம். பல படங்களில் அழைப்பதில்லை.

இந்தப் பாடுகளுக்கெல்லாம் என்ன கிடைக்கிறது என்று பார்க்க விரும்புகிறவர்கள் பி.எஸ். வினோத்ராஜின் 'கொட்டுக்காளி'யை (2024) நல்ல ஹெட்போனில் கேளுங்கள். பின்னணி இசையே கிடையாது. சூரியின் பாண்டிக்குத் தொண்டை கட்டியிருக்கிறது. கழுத்தில் சுண்ணாம்பைத் தடவிக்கொண்டு கரகரத்த குரலில் உறுமுகிறான். அன்னா பென்னின் மீனா ஏறத்தாழப் படம் முழுக்கப் பேசுவதில்லை. ஆட்டோவின் இரைச்சல், செருப்பு தேயும் ஓசை, சேவலின் சிறகடிப்பு, சுற்றியிருப்பவர்களின் சளசளப்பு ஆகியவற்றுக்கு நடுவே அவளுடைய பேசாமைக்குக் கனம் ஏறிக்கொண்டே போகிறது. இசை இருந்தால் எந்தப் பக்கம் சாய வேண்டுமென்று அது நமக்குச் சொல்லியிருக்கும். இங்கே காதே தேடிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

தேசிய விருதுகளில் 2009-ஆம் ஆண்டுப் படங்களிலிருந்து நேரடி ஒலிப்பதிவாளருக்கென்று ஒரு தனிப் பிரிவு இருந்தது. முதல் முறை 'கமீனே' படத்துக்காகச் சுபாஷ் சாகு பெற்றார். 2022-இல் அந்த விருது டப்பிங் செய்யப்பட்ட படத்துக்குப் போய்விட்டதென்று அந்தப் படத்தின் ஒலி வடிவமைப்பாளரே பொதுவில் சொன்னார். ஆஸ்கர் பெற்ற ரசூல் பூக்குட்டியும் அதைச் சுட்டிக்காட்டினார். இப்போது எல்லாம் ஒலி வடிவமைப்பு என்ற ஒரே விருதுக்குள் போய்விட்டது. அந்தப் பிரிவைத் திரும்பக் கொண்டுவர வேண்டும், கேட்கத் தெரிந்தவர்களை நடுவர்களாக உட்காரவைக்க வேண்டும். அதுவரை, படம் முடிந்து பெயர்கள் ஓடும்போது நேரடி ஒலியைக் குறிக்கும் 'சிங்க் சவுண்ட்' என்ற வரி வரும்வரை நான் எழுந்திருப்பதில்லை. பூம் பிடித்தவர் பெயரையும் சேர்த்துப் போட்டிருந்தால் அந்த இயக்குநரின் அடுத்த படத்தை முதல் நாளே பார்க்கப் போகிறேன்.