டீ-டேன்: ஒரு விலைப்பட்டியலை வாசித்தல்

சிம்மக்கல்லில் மாவட்ட மைய நூலகத்துக்குப் போய்வரும் வழியில், ஒரு மாடிப்படி ஓரமாக அழகு நிலையம் ஒன்றின் விலைப்பட்டியல் தொங்குகிறது. 'டீ-டேன்' என்ற தலைப்பின் கீழ் முகம், முகமும் கழுத்தும், அரைக்கை, முழுக்கை, முதுகு, பாதம் என்று உடல் துண்டு துண்டாக விலையிடப்பட்டிருக்கிறது. கறிக்கடைப் பலகை நினைவுக்கு வந்தால் அது என் குற்றமில்லை.

இந்தச் சொல்லை இலக்கியப் பிரதிபோல வாசித்துப் பார்க்கலாம். 'டேன்' என்பது மேற்கில் விலை கொடுத்து வாங்கும் பொருள். வயலில் உழைத்தவர் கருத்தும் மாளிகையில் இருந்தவர் வெளுத்தும் இருந்த காலம்வரை அங்கும் வெளுப்பே உயர்வு. உழைப்பு ஆலைக் கூரையின் கீழ் போனதும் கடற்கரையில் ஓய்வெடுக்க வசதி உள்ளவரின் அடையாளமாகப் பழுப்பு நிறம் மாறியது. அதற்காகவே புற ஊதாக் கதிர்ப் படுக்கைகள் வந்தன. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2009இல் அவற்றைப் புற்றுநோய் உண்டாக்குபவை என்ற முதல் வகையில் சேர்த்தது. இங்கே வெயில் இன்னும் உழைப்பவருடையதுதான். மேலூர்ப் பக்கம் நாற்று நடுபவரும், நூறு நாள் வேலையில் கண்மாய் வெட்டுபவரும், தலைச்சுமையாகப் பழம் விற்பவரும் பெண்கள். அங்கே பூசுகிறார்கள், இங்கே சுரண்டுகிறார்கள். இரண்டு இடத்திலும் 'இவள் வெயிலில் வேலை செய்பவள் அல்ல' என்று பெண்ணின் தோல் சான்றிதழ் தர வேண்டியிருக்கிறது. நம் ஊரில் அந்தச் சான்றிதழில் சாதியும் சேர்த்தே வாசிக்கப்படுகிறது.

நம் பேச்சைக் கேளுங்கள். 'பொண்ணு நல்ல கலர்' என்றால் வெளுப்பு என்று பொருள். கருப்பு ஒரு கலரே இல்லை. பச்சை நிறத்தவளாகக் கும்பிடும் மீனாட்சியின் ஊரில், மணமகள் தேவை விளம்பரத்தில் 'மாநிறம்' என்பதைக்கூடத் தயங்கித்தான் போடுகிறார்கள்.

இந்தத் தயக்கத்தின்மேல் கட்டப்பட்ட சந்தை பெரியது. 1975இல் இந்துஸ்தான் லீவர் கொண்டுவந்த ஃபேர் அண்ட் லவ்லி, 2020 ஜூலையில் குளோ அண்ட் லவ்லி ஆனது. அமெரிக்காவில் ஜார்ஜ் ஃப்ளாய்ட் கொல்லப்பட்டதை ஒட்டி எழுந்த கேள்விகளின் அழுத்தம் அது. சென்னையில் தொடங்கிய 'டார்க் இஸ் பியூட்டிஃபுல்' இயக்கம் 2009 முதலே இதைக் கேட்டுக்கொண்டிருந்தது. கருத்த தோலைத் தாழ்வாகக் காட்டக் கூடாது என்று விளம்பரத் தரக் குழுவும் 2014இல் விதி வகுத்தது. 'வெள்ளை' போய் 'பொலிவு' வந்தது. 'டீ-டேன்' அந்த வரிசையில் இன்னும் சாமர்த்தியமான சொல்: நீ கருப்பில்லை, உன்மேல் கருப்பு ஒட்டியிருக்கிறது, துடைத்துவிடலாம் என்கிறது.

என் சித்தி மகள் துடைக்கப் பார்த்தாள். ஒரு மருந்துக்கடையில் சீட்டில்லாமல் கொடுத்த டியூபை ஒன்றரை வருடம் பூசினாள். முதல் மாதம் முகம் வெளுத்தது, வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். பிறகு பருக்கள், கன்னத்தில் சிவந்த நரம்புக்கோடுகள், தாடையில் முடி. நிறுத்தினால் எரிச்சல், எரிச்சலுக்குப் பயந்து மறுபடி அதே டியூப். அதில் இருந்தது ஸ்டீராய்டு. ரத்தக்குழாய்களைச் சுருக்கி வெளுப்பாகக் காட்டும். தோலை மெலிய வைக்கும். இப்படிக் கெட்ட முகத்துக்கென்றே இந்தியத் தோல் மருத்துவர்கள் தனிப்பெயர் வைக்கும் அளவுக்கு இது பரவியிருக்கிறது. பூசும் ஸ்டீராய்டுகள் பலவற்றுக்கு இருந்த விதிவிலக்கை நீக்கி, மருத்துவர் சீட்டின்றி விற்கக் கூடாது என்று 2018இல் அரசு சொன்னது. என் தங்கை வாங்கியது அதற்குப் பிறகு.

பாதரசம் இன்னொரு கதை. அழகுப் பொருளில் தற்செயலாகக் கலந்தாலும் பத்து லட்சத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்கிறது 2020ஆம் ஆண்டின் அழகுசாதன விதி. கண்ணுக்கான பொருள்களுக்கு மட்டும் வேறு அளவு. ஆனாலும் 2023இல் கேரளத்தின் மலப்புறத்தில் வெளுப்பு கிரீம் பூசியவர்களுக்குச் சிறுநீரகம் பாதித்தது தெரியவந்தது.

'பாதுகாப்பானதைத் தேர்ந்தெடுங்கள்' என்று பெண்கள் பக்கங்கள் எழுதுகின்றன. இந்த அறிவுரையில் எனக்குக் கோபம் உண்டு. எறும்பு எழுத்தில், ஆங்கிலத்தில், சில சமயம் தயாரித்தவர் முகவரியே இல்லாமல் வரும் டியூபுக்கு, அதைப் பூசுபவளையே பொறுப்பாக்குகிறது அது. என்றாலும் படிக்கத் தெரிந்திருப்பது நல்லதுதான். பெட்டாமெத்தசோன், குளோபெட்டசால், மொமெட்டசோன், ஹைட்ரோகுயினோன் என்ற பெயர்கள் இருந்தால் அது மருந்து. பெட்டியில் சிவப்புக் கோடும் இருக்க வேண்டும். கலோமெல், மெர்க்குரிக் என்றிருந்தால் கையில் எடுக்காதீர்கள். பார்லர் பிளீச்சில் ஹைட்ரஜன் பெராக்சைடு இருக்கிறது. அது முகத்தின் பூனைமுடியை வெளுக்கிறது, வேறொன்றும் பெரிதாக இல்லை. வெயில் தந்த கருப்பு, வெயில் விலகினால் சில வாரங்களில் தோல் புதுப்பித்துக்கொள்ளும்போது பெரும்பாலும் தானே குறையும். காலம் சும்மா செய்வதற்குத்தான் அந்தப் பலகையில் விலை.

தோல் மருத்துவர் டியூபை நிறுத்தச் சொல்லி, சன்ஸ்கிரீன் எழுதிக் கொடுத்தார். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பூச வேண்டும். ஒழுங்காகப் பூசினால் ஒரு டியூப் மாதம் தாங்காது. வெளியே வந்ததும் அவள் கேட்டாள்: "அக்கா, நான் பூசிக்கிறேன். வர்ற மாசம் பொண்ணு பார்க்க வர்றவங்களுக்கு என்ன எழுதிக் கொடுப்பாரு?"

குடையை விரித்துக்கொண்டு சிம்மக்கல் நிறுத்தம்வரை நடந்தோம். என்னிடம் பதில் இருக்கவில்லை.